விலை பேசும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர்கள் வண்டியின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், முன் அச்சுக்கென்று தனியாக ஒரு தொகை எடுத்து வையுங்கள் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. எல்லாவற்றையும் போட இடமில்லை, ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் சொல்லும் தொகையெல்லாம் எங்கள் பக்கத்து வெளி ஒர்க்‌ஷாப் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டர் போனால் கூடும், ஊருக்கு ஊர் ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும்.

கேள்வி: இடுக்கிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. இதுவரை வாடகை ஜீப்தான். இப்போது 2012 மாடல் மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல் எஞ்சின்) ஒன்று 4,75,000 ரூபாய் சொல்கிறார்கள். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எஞ்சின் சத்தம் சுத்தமாக இருக்கிறது. வாங்கினால் மேற்கொண்டு எவ்வளவு செலவு வைக்கும்?
(வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: எஞ்சின் சத்தம் சுத்தமாக இருப்பது சந்தோஷம். ஆனால் வாங்க வருகிற எல்லாரும் பானெட்டைத் திறந்து அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள், விற்கிறவருக்கும் அது தெரியும். இந்த 2.5 லிட்டர், 105 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஆயிலும் தண்ணீரும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் காலை வாராது. பணம் போகிற இடம் கீழே இருக்கிறது. ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். வண்டியை முன்கூட்டியே கழுவி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

சாக்கை விரித்து முன்பக்கம் படுத்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டு சக்கரத்துக்கும் போகிற ஷாஃப்டுகளின் ரப்பர் பூட். அதில் விரலை விட்டு ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பாருங்கள், வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கத்தில் கறுப்பாக கிரீஸ் சிதறி, அதன்மேல் மண் ஒட்டிப் பொருக்குத் தட்டியிருந்தால் பூட் கிழிந்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். பூட் மட்டும் என்றால் கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு 2,000 ரூபாய்க்குள் முடியும். மணல் போய் பூட்டுக்குள் இருக்கும் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் ஷாஃப்டையே மாற்ற வேண்டும், பக்கத்துக்கு 10,000 வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால் அது ஜாயின்ட் போன சத்தம்.

இந்த மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி), பின்னால்தான் ஸ்பிரிங் பட்டை. வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று டார்ஷன் பாரை இறுக்கி மூக்கைத் தூக்கி வைத்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஷாஃப்ட் கோணம் கூடிப்போய் பூட்டும் ஜாயின்ட்டும் பால் ஜாயின்ட்டும் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் உருண்டை மூட்டு) ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அப்படித் தூக்கிய வண்டி என்றால் பால் ஜாயின்ட் நான்கையும் மாற்றி அலைன்மென்ட் பார்க்க 8,000 முதல் 10,000 வரை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது கிராஸ், அதாவது அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகிற நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ ஜாயின்ட். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையில் பிடித்து இடமும் வலமும் முறுக்கிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, கிராஸின் கப் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் தூள் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கிரீஸ் காய்ந்து, ஊசி பேரிங் துருவாக அரைபட்டு வெளியே வருகிறது என்று அர்த்தம். ஒரு கிராஸ் 600 முதல் 1,200 ரூபாய்தான், அதைக் கவனிக்காமல் விட்டு ஓட்டத்தில் ஷாஃப்ட் கழன்று விழுந்தால் என்னென்ன உடையும் என்று சொல்ல முடியாது.

பிறகு ஒரு மண் பாதையைத் தேடிப் போய் ஃபோர் வீல் ஹையிலும் (வேகத்துக்கு) லோவிலும் (மெதுவான இழுவைக்கு) போட்டு ஓட்டிப் பாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் தார் ரோட்டிலேயே ஓடிய வண்டியில் அந்த லிவரை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள், லிங்கேஜ் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். லிவர் விழுந்துவிட்டது, டேஷ்போர்டில் விளக்கும் எரிகிறது என்பதோடு திருப்திப்பட வேண்டாம், முன் சக்கரம் உண்மையில் இழுக்கிறதா என்று ஏற்றத்தில் பாருங்கள். லோ கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் லிவர் தானாக இடம்விட்டு நழுவுகிறதா என்றும் பாருங்கள். நழுவினால் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பங்கிடும் கியர் பெட்டி) பிரிக்க வேண்டிவரும், அந்த வேலை 15,000 ரூபாய்க்குக் குறையாது.

கிளட்சை அநேகமாக நீங்கள்தான் மாற்றுவீர்கள். மலையில் சுமையோடு ஓடிய வண்டியில் ஒரு லட்சம் கிலோமீட்டர் வந்ததே பெரிய விஷயம். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூலி எல்லாம் 12,000 முதல் 18,000 வரை ஆகும். கார் மாதிரி இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்து இறக்க வேண்டும், அதனால்தான் கூலி கூடுதல். டயர் ஐந்தும் தேய்ந்திருந்தால் அது தனியாக நாற்பது நாற்பத்தைந்தாயிரம். ஆக, பெரிய வேலை எதுவும் இல்லாத நல்ல வண்டிக்கே வாங்கிய முதல் ஆறு மாதத்தில் 60,000 முதல் ஒரு லட்சம் வரை எடுத்து வையுங்கள். அந்தத் தொகையைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள், தயங்க வேண்டாம். அவர் குறைக்கவே முடியாது என்றால், இன்னொரு வண்டியைப் பாருங்கள். போடிக்கு மேலே ஜீப்புக்கா பஞ்சம்!

அப்புறம், வாங்கிய பிறகு மாதம் ஒருமுறையாவது மண் தரையில் ஃபோர் வீல் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். முன் அச்சில் ஆயில் சுற்றி சீல் காயாமல் இருக்கும். காசில்லாமல் செய்யக்கூடிய பராமரிப்பு இது ஒன்றுதான்.

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏதாவது பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் கையை விட்டுத் தெறிக்கிற மாதிரி ஆடுகிறது, வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறது. டயர் மாற்றி பேலன்ஸும் செய்துவிட்டேன். ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: போடாதீர்கள், இப்போது போடவே போடாதீர்கள். டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், ஆடுகிற காரணம் அப்படியே உள்ளே இருக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு ஜீப்பில் இதே மாதிரி டேம்பர் போட்டு ஆறு மாதம் நிம்மதியாக ஓட்டியிருக்கிறார்கள். ஒருநாள் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது டை ராட் எண்ட் (முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியின் முனை) கழன்று ஒரு சக்கரம் கிழக்கேயும் ஒரு சக்கரம் மேற்கேயும் பார்த்தது. அதுவே கொண்டை ஊசி வளைவில் நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏற்காட்டுக்கு 20 வளைவு ஏறி இறங்குகிறவர் நீங்கள்.

முன் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், வீட்டில் யாரையாவது உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ், அது சின்ன வேலை, டைட் வைத்தாலே போதும். பிரேக் பிடித்தும் ஆட்டம் அப்படியே இருந்தால் கிங் பின் பேரிங் (முன் சக்கரம் திரும்புகிற அச்சாணியின் பேரிங்) போய்விட்டது. உங்கள் வண்டியில் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் பேரிங், சீல், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டுச் சரியாக டைட் வைக்க கூலியோடு 8,000 ரூபாய் போதும். ஷிம் வைக்கிற மெக்கானிக்கை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவர் டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிளை (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) திருப்ப எவ்வளவு பாரம் வேண்டும் என்று ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்க்கிறவராக இருந்தால் உங்களுக்குக் கவலை இல்லை. "கை அந்தாஸே போதும் சார்" என்பவரிடம் கொடுத்தால் மூன்று மாதத்தில் திரும்பப் போவீர்கள்.

அதோடு டை ராட் எண்டுகள், முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் புஷ், யூ போல்ட் மூன்றையும் பாருங்கள். புஷ் எல்லாம் நூறு இருநூறு ரூபாய்ச் சாமான்.

இன்னொன்று இருக்கிறது, பலரும் பார்க்காதது. ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் மாட்டியிருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் வெள்ளைச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இடமும் வலமும் அசைக்கச் சொல்லுங்கள். சேசிஸில் விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் மேலே கசிந்து வெள்ளையில் மயிரிழை மாதிரி ஈரக்கோடு தெரியும். தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெறுமனே வெல்டிங் அடித்தால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும், உள்பக்கம் பட்டை வைத்து அடிக்க வேண்டும். தெரிந்த ஆளிடம் 3,000 முதல் 5,000 ரூபாயில் முடிகிற வேலை.

கேள்வி: மழைக்காலத்தில் எஸ்டேட் போகும் வழியில் ஓடையைக் கடக்க வேண்டும். இரண்டு வாரமாக பின்பக்கத்திலிருந்து 'ஊ' என்று ஒரு சத்தம், வேகம் கூடினால் கூடுகிறது. சம்பந்தம் இருக்குமா?
(வாசகர், வால்பாறை)

பதில்: இருக்கும். இன்றைக்கே பின் அச்சின் நடுவில் கியர் இருக்கும் கூடான ஹவுசிங்கின் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். தேன் நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் சரி. பால் டீ மாதிரி வெளுத்து இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

எப்படிப் போகிறது என்றால், ஓடி வந்த சூட்டில் ஹவுசிங்குக்குள் காற்று விரிந்திருக்கும். அப்படியே கொண்டுபோய்க் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் சட்டென்று சுருங்கும். ஹவுசிங்குக்கு மேலே மூச்சுவிட ஒரு சின்ன பிரீதர் உண்டு, அது சேற்றில் அடைத்துக்கொண்டிருந்தால் உள்ளே காற்று போக வழியில்லை, அதனால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலை இறக்கி ஒருமுறை அலசி, புது ஆயில் போட 1,500 முதல் 2,000 ரூபாய் ஆகும். பிரீதர் முனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி அதை பாடி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், நூறு ரூபாய் வேலை. முன் ஹவுசிங்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், அங்கேயும் போயிருக்கும்.

ஆயில் மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது, பேரிங் சீல் செட் கூலியோடு பத்துப் பன்னிரண்டாயிரம். அதையும் தள்ளிப்போட்டு ஹவுசிங்குக்குள் இருக்கும் கியர் ஜோடியான கிரவுன் பினியனின் பல் கடிபட ஆரம்பித்தால் 30,000 ரூபாய் பக்கம் போகும். ஓடையில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள். டீ குடிக்க நல்ல சாக்கு!

கேள்வி: புதிதாக (பழைய) ஜீப் வாங்கியிருக்கிறேன். மழை நேரம் கிரிப் கிடைக்கும் என்று ரோட்டில் ஃபோர் வீலிலேயே ஓட்டுகிறேன். வளைவில் திரும்பும்போது யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கிறது, லிவரும் திரும்ப வர மறுக்கிறது.
(வாசகர், சேலம்)

பதில்: உடனே நிறுத்துங்கள். இந்த வண்டிகளில் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) கிடையாது, இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், மண்ணில் என்றால் சறுக்கிக்கொண்டு சரிசெய்துகொள்ளும், தார் ரோட்டில் சறுக்க முடியாமல் முறுக்கேறும். அந்த முறுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினிலோ பல்லிலோ போய் உட்காரும். வண்டியை நேர்கோட்டில் ஒரு பத்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், லிவர் வந்துவிடும். இனி மண், சேறு, மணல் தவிர எங்கேயும் போடாதீர்கள். ரோட்டில் மழைக்கு நல்ல டயரும் நிதானமான வேகமும்தான் கிரிப்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை. இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) நான்கும் போய்விட்டது, 70,000 ஆகும் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். வண்டியே அப்படியொன்றும் பெரிய விலைக்கு வாங்கவில்லை. சி.ஆர்.டி.இ. டீசல்.
(வாசகர், கொடைக்கானல்)

பதில்: கொடைக்கானல் குளிரில் காலையில் மட்டும் வருகிற தொல்லை என்றால் நான் இன்ஜெக்டருக்குக் கடைசியில்தான் போவேன். முதலில் ஹீட்டர் பிளக். மல்ட்டிமீட்டர் வைத்து ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம், நான்கில் இரண்டு செத்திருந்தாலே நீங்கள் சொல்கிற அறிகுறி வந்துவிடும். நான்கும் மாற்றினால் மூன்று நான்காயிரம். அது சரியாக இருந்தால் டீசல் ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பேட்டரியையும் பாருங்கள், செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பம்ப்பில் பிரஷர் ஏறாது.

இதெல்லாம் பார்த்த பிறகும் தொல்லை இருந்தால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரு விரல் அளவும் நான்காவதில் முக்கால் பாட்டிலும் டீசல் நின்றால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. நீங்களே பக்கத்தில் நின்று கண்ணால் பாருங்கள். அந்த ஒன்றை மட்டும் ரீகண்டிஷன் செய்ய 5,000 முதல் 7,000 வரை, புதிது என்றால் 15,000 அல்லது அதற்கு மேல். டெஸ்ட் செய்து காட்டாமல் நான்கையும் மாற்றச் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: டெல்லியிலிருந்து வந்த ஜீப் இங்கே இருப்பதைவிட ஒன்றரை லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே உயர்த்தி, 33 இன்ச் டயர், முன்னால் வின்ச் எல்லாம் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், சென்னை. இதே கேள்வியைக் கோவையிலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்.)

பதில்: விலை குறைவதற்குக் காரணம் தெரிந்தால் பயம் வேண்டியதில்லை. தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டிகூட அங்கே விலை சரிந்து வெளி மாநிலத்துக்குப் போனது. ஆனால் அந்த ஒன்றரை லட்சத்தில் லாரி வாடகை, இங்கே மறுபதிவு, வண்டியின் வயதைப் பொறுத்து ஆயுள் வரி, ஏஜெண்ட் செலவு என்று கழித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து கடைசியில் மிஞ்சுவது ஐம்பதாயிரத்துக்கு மேல் போனதில்லை.

நான் கவலைப்படுவது அந்த 33 இன்ச் டயரைப் பற்றித்தான். கம்பெனி கொடுத்த 235/70 ஆர் 16 டயரைவிட அது உயரத்தில் மூன்று நான்கு இன்ச் பெரிது, எடையும் கூடுதல். வீல் பேரிங், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங், கிளட்ச் எல்லாம் அந்தப் பாரத்தை ஒவ்வொரு கிலோமீட்டரும் சுமக்கிறது, பிரேக்கோ பழைய பிரேக்தான். சட்டமும் ஒப்புக்கொள்ளாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2019-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: ஆர்.சி.யில் இருப்பதும் தயாரிப்பாளர் கொடுத்ததும்தான் வண்டியில் இருக்க வேண்டும். மறுபதிவுக்கு ஆய்வாளர் முன்னால் நிறுத்தும்போது எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். வாங்குவதென்றால் பழைய டயரும் ஒரிஜினல் ஸ்பிரிங்கும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வடக்கிலிருந்து வருகிற ஜீப் என்றால் இன்னொரு வேலை உண்டு. ஹரியானாவில் பஞ்சாப் எல்லையை ஒட்டி மண்டி டப்வாலி என்று ஓர் ஊர், பல வண்டிச் சாமான்களைச் சேர்த்துப் புதிதாக ஜீப் கட்டித் தருவதற்குப் பேர்போனது. கைத்திறன் பிரமாதமாக இருக்கும், ஆனால் அப்படிக் கட்டிய வண்டிக்கு ஆர்.சி. வேறு, சேசிஸ் வேறு, எஞ்சின் வேறாக இருந்தால் உங்கள் பேருக்கு மாறவே மாறாது. சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் பெயின்டைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழுகிறதா, சுற்றி வெல்டிங்கோ கிரைண்டர் கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாளை ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்பாருங்கள், எஞ்சின் நம்பரையும் அப்படியே. டெல்லி ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. ஒரிஜினலாக உங்கள் கையில் வரும்வரை, யார் என்ன அவசரப்படுத்தினாலும், அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.